ஹைடல்பெர்க் கொலு

அனந்தராமனின் உடலை முதலில் கண்டுபிடித்தது ஒரு நாய். ஆற்றங்கரையிலிருந்து மலைக்கு ஏறும் செங்குத்தான கல்படிகளில், தலைகீழாகக் கிடந்தார். பிறகு நாயின் சொந்தக்காரி பார்த்தாள். பிறகு போலீஸ்.

1998 செப்டம்பர், வெள்ளிக்கிழமை. ஹைடல்பெர்க் நகரமே மூடுபனிக்குள் கிடந்தது. பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் க்ரூகர் விடுதிக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். "ஈர இலை. கால் வழுக்கியிருக்கிறது," என்றார். அவரைப் பொறுத்தவரை கேஸ் முடிந்தது.

விசாலாக்ஷிக்கு முடியவில்லை. ஹூஸ்டனில் சந்தேகச் சாவுகளைப் பரிசோதிக்கும் டாக்டர் அவள். செத்தது கூடப்பிறந்த பெரியண்ணா. பல்கலைக்கழகத்தில் பேச வந்த புள்ளியியல் பேராசிரியர். ஊர் பார்க்கலாமே என்று அவளும், இருதய டாக்டரான சின்னண்ணா வெங்கடகிருஷ்ணனும், அவன் மனைவி ராஜலக்ஷ்மி மன்னியும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் பெரியண்ணாவின் மகள் ரக்ஷா தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் எழுந்ததும் அப்பா எப்படிப் போனார் என்று அத்தைதான் சொல்ல வேண்டும்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாலில் எஸ்கலேட்டருக்கே பயந்த மனிதர் அவர். துணையில்லாமல் அந்தப் படிகளில் கால் வைத்திருக்கவே மாட்டார்.

"சின்னண்ணா, காலைல எங்க போனே?"

"ரிவர் பக்கம் வாக்கிங். தனியா. ஏழரைக்கே வந்துட்டேன்."

"பெரியண்ணா?"

"ஜெட்லாக், தூங்கறார்னு நெனச்சேன். ஏன்டி, ஹார்ட் டாக்டரையே இன்டராகேட் பண்றியா?"

நடு அறையில் மன்னி அழுதுகொண்டிருந்தாள். நவராத்திரியை எங்கே போனாலும் விடாதவள். பெட்டியில் கொண்டுவந்த கையளவு பொம்மைகளை மேஜைமேல் அடுக்கிக் கொலு வைத்திருந்தாள். குத்துவிளக்கில் எண்ணெய் நிறைய இருந்தது. திரி கருகவில்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, காலைல விளக்கேத்தலையா மன்னி?"

"வாக்கிங்லேர்ந்து வந்ததும் இவர்தான் ஏத்தாதேன்னுட்டார். ஃபயர் அலாரம் அடிக்கும்னு ஹில்டா கம்ப்ளெய்ன்ட் பண்ணினாளாம். தினம் கற்பூரம் காட்டறவர், இன்னிக்குக் கொலு பக்கமே வரலை."

கீழே போய் விடுதிக்கார ஹில்டாவிடம் கேட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானா? காலையில் அந்த விளக்குக்குத்தானே தோட்டத்துப் பூ கொண்டுவந்தேன்!"

விசாலாக்ஷி மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சின்னண்ணாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஹில்டா ஒண்ணும் சொல்லலை. எதுக்குப் பொய் சொன்னே? கூடப்பிறந்தவன் போனா பத்து நாள் தீட்டு. உனக்கும் மன்னிக்கும் விளக்கேத்தக் கூடாது, சாமியைத் தொடக் கூடாது. போலீஸ் வந்தது பத்து மணிக்கு. உனக்கு ஏழரைக்கே எப்படித் தீட்டு வந்தது, அண்ணா?"

வெங்கடகிருஷ்ணன் கட்டிலில் சரிந்தான். உடன்பிறந்தவனைக் கொல்லத் துணிந்தவனுக்கு, அந்தத் தீட்டோடு அம்பாளுக்குக் கற்பூரம் காட்டத் துணிச்சல் வரவில்லை.

"என்னோட மருந்து டிரையல் டேட்டா முழுக்க ஃபேக்னு கண்டுபிடிச்சுட்டார். ஹூஸ்டன் போனதும் ரிப்போர்ட் பண்ணுவேன்னார். என் கையைப் பிடிச்சுண்டுதான் படி இறங்கினார். நான்... உதறினேன்."

"விழுந்தப்போ உயிர் இருந்துதா?"

"இருந்தது. நாடி நிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

வெங்கடகிருஷ்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"விசாலம், ரக்ஷாகிட்ட வழுக்கி விழுந்தார்னே சொல்லிடேன். அந்தக் குழந்தை தாங்க மாட்டா."

தாங்க மாட்டாள்தான். அது அவளுக்கும் தெரியும். சின்னண்ணாவின் தலையைத் தடவிக் கொடுக்கக் கை எழுந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து, கீழே இருந்த க்ரூகரைக் கூப்பிட்டாள்.