வலது தோளில் முந்தானை

கேமரா வைத்த ஸ்டூல் ஆடிக்கொண்டே இருந்தது. ஞானசெல்வி அதன் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தாள். ஓடைப்பட்டி வீட்டுச் சாமான் அறையின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் அந்த இடம் மட்டும், ஒரு ஆள் நீளத்துக்கு, புதுப்பூச்சில் மேடேறியிருந்தது. பெருச்சாளி தோண்டியதாகப் புருஷன் பொன்னுராஜ் சொன்னான். கல்யாணமான புதிதில் அவள் எதைத்தான் நம்பவில்லை?

அவனுடைய பெரியப்பா மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது எடுத்த ஸ்லைடுகள் இருநூறு இருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் இந்த ஏற்பாடு: ஓட்டை போட்ட செருப்புப் பெட்டி, அதற்குள் சி.எஃப்.எல். பல்பு, ஓட்டையில் பால்நிறப் பிளாஸ்டிக், அதன்மேல் ஸ்லைடு, எதிரே கேமரா. ஸ்லைடின் கருத்த பகுதியில் எதிரே இருப்பதெல்லாம் கண்ணாடியில் போலத் தெரிந்து தொலைக்கும். முதல் நாள் அவளுடைய மஞ்சள் நைட்டியே படத்தில் விழுந்தது. அதனால் பட்டப்பகலிலும் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எல்லாப் படத்திலும் இடது ஓரமாக ஒரு பச்சைச் சேலை நின்றது. தேயிலைக் காட்டில். கோயில் வாசலில். ஜீப்புக்குப் பக்கத்தில்.

நேற்று அவனிடம் காட்டினாள். "யாருங்க இது?"

திராட்சைக்கு மருந்தடித்து மயில்துத்தம் ஏறிய நீல விரலால் கேமராவைத் தள்ளினான். "தோட்டத்து ஆளா இருக்கும். அழிச்சுரு."

"எல்லாத்துலயும் நிக்கிறாளே."

"பெரியப்பா எடுத்தாக. அவுக செத்தே பத்து வருசமாச்சு. யாருகிட்டப் போயிக் கேக்க?"

அவன் முகம் வெளுத்திருந்ததை அவள் பார்த்தாள். அவனுடைய முதல் சம்சாரம் உமாதேவி கட்டிய பச்சைச் சேலையோடு எவனுடனோ குமுளி தாண்டிக் கேரளாவுக்குப் போய்விட்டாள் என்றுதான் ஊரே சொல்லியது. வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. பேயென்று ஞானசெல்விக்குத் தோன்றவில்லை. புருஷனை நினைத்துத்தான் பயந்தாள். இந்த முகத்தை ஒரே ஒரு படத்தில் தெளிவாக எடுத்துவிட்டால் போதும், உமாதேவிதானா என்று தெரிந்தவர்களிடம் காட்டிக் கேட்கலாம். கேமராவோடு சின்னமனூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம். அவன் தோட்டத்திலிருந்து வரச் சாயங்காலம் ஆகும்.

கோயில் ஸ்லைடை வைத்துக் கேமராவின் திரையில் பெரிதாக்கினாள். பச்சைச் சேலைக்காரிக்கு முந்தானை வலது தோளில் கிடந்தது. ஸ்லைடைப் புறம் மாற்றிச் செருகிவிட்டோமோ? இல்லை. மற்றப் பெண்களுக்கெல்லாம் இடது தோளில் சரியாக இருந்தது. கோயில் போர்டையும் வாசிக்க முடிந்தது.

ஸ்லைடை இடவலமாகத் திருப்பி வைத்தாள்.

போர்டு எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டது. கூட்டம் வலமிருந்து இடம் மாறியது. முந்தானைகளும் மாறின.

அவள் மாறவில்லை. அதே இடது ஓரம். அதே வலது தோள்.

அவள் படத்தில் இல்லை.

பிம்பம்.

ஞானசெல்வி திரும்பவில்லை. முதுகில் ஈரச் சிமெண்டின் குளிர்ச்சி ஏறியது. அடுத்து மயில்துத்த வாடை. கதவுத் தாழ்ப்பாள் மெதுவாக விழுந்தது.

"அழிக்கச் சொன்னேன்ல, செல்வி."

ஸ்லைடின் கருப்பில் அவன் வந்து நின்றான். நீல விரல்கள் தெரிந்தன. அவன் ஞானசெல்வியைத்தான் பார்த்தான். இருவருக்கும் நடுவில் நின்றவள் அவன் கண்ணில் படவில்லை.

பச்சைச் சேலை மெல்ல அவன் பக்கம் திரும்பியது. இப்போது முதுகு மட்டும் தெரிந்தது. பின்னல் முழுக்கச் சிவப்புச் சிமெண்டு காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது.