பச்சை மாறாத சாட்சி

காலையில் எழுந்ததும் இசக்கியம்மை முதலில் பார்ப்பது வாசலில் நிற்கும் சாட்சிச்செடியைத்தான். உருக்காலை நகரில் வீட்டுக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்க வேண்டும் என்பது சட்டம். பழைய மின்பொருள்களை உருக்கிய சாம்பலிலிருந்து தாலியம் என்ற நச்சு உலோகம் மண்ணில் ஏறினால் இலை மஞ்சளாகும். மஞ்சளானால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும். போன மழைக்குச் சுகாதாரத் துறைக்காரர்கள் மாற்றி வைத்த புதுச்செடியோ கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது.

அப்படியிருந்தும் மகள் குழலிக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறதே, ஏன்? சந்தேகம் வந்துவிட்டால் இசக்கி பெற்ற தாயையும் விடமாட்டாள். தண்ணீர்க்காரனை மாற்றினாள். ரேஷன் அரிசியை நிறுத்தினாள். பக்கத்து வீட்டு மல்லிகா கொடுத்த அதிரசத்தைக்கூட, "கண்ணு வச்சுக்கிட்டே குடுத்திருப்பா" என்று குப்பையில் கொட்டினாள். பாவம், அந்த மல்லிகா! செடியை மட்டும் இசக்கி சந்தேகப்படவில்லை. முடி வளரக் கறிவேப்பிலையைவிட நல்ல மருந்து உண்டா? ரசத்திலும் சாதத்திலும் முன்னைவிட அதிகமாக, கை நிறையப் பறித்துப் போட்டாள். குழலிதான் இலைகளைத் தட்டோரம் ஒதுக்கி வைத்துத் தினமும் ஏச்சு வாங்குவாள்.

அன்று இலையின் பச்சையை அளக்கும் இலைமானியோடு வந்தார் துறையின் சோதகர் தேவசகாயம். "நல்ல பச்சைம்மா. பயமில்ல" என்றார். இசக்கியின் பார்வை அவர் கையிலேயே நின்றது. முன்பெல்லாம் வெறுங்கையால் இலையைக் கிள்ளுகிறவர், இப்போது தடித்த கையுறை மாட்டியிருந்தார்.

"என்ன சார், புதுசா உறை?"

"அது... மேலிடத்து உத்தரவும்மா."

"செடிய மாத்துன பிறகுதான இந்த உத்தரவு? மறைக்காம சொல்லுங்க."

அவர் தெருவை இருபுறமும் பார்த்துக்கொண்டார். "இது புது ரகம்மா. தாலியத்த உறிஞ்சி இலையிலயே பூட்டி வச்சுக்கிடும், மஞ்சளாகாது. மஞ்சளாச்சுன்னா ஊரையே காலி பண்ணணும்லா? அவ்வளவு பேர எங்க கொண்டு வைக்க?" குரல் தாழ்ந்தது. "சாட்சிச்செடிய யாரும் சமையலுக்குப் பறிக்க மாட்டாங்கன்னு மேல சொன்னாங்க."

"கறிவேப்பிலைய வாசல்ல வச்சிட்டு, பறிக்க மாட்டாங்கன்னு எவன்யா சொன்னான்?"

கேட்டுக்கொண்டே இசக்கி விழுந்தடித்து உள்ளே ஓடினாள்.

குழலி அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தாள். தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டே பெருமையாகத் தட்டை நீட்டினாள்.

"பாரும்மா, இன்னைக்கு ஒரு இலைகூட ஒதுக்கல."