ஐந்தாம் கணுவின் களவு

அது 1981. மீன்பிடி வள்ளங்களுக்கு வானொலிப் பெட்டி செய்யும் பேணாட், துப்பறியும் அருளம்பலத்தின் அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்து, கதிரையில் அமருமுன்னரே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். பட்டறையில் வேலை செய்யும் சீலா மின்னேற்றம் பிடித்துவைக்கும் நல்ல கண்டென்சர்களைக் களவெடுத்து மட்டமானவற்றைப் பூட்டுகிறாளாம். நாளைக்குப் பொலிசில் கொடுக்கப்போகிறாராம். தீர்ப்போடு வரும் ஆட்களைக் கண்டாலே அருளம்பலத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேணாட்டுக்குச் சாட்சி கணினி. கொழும்பில் படிக்கும் மருமகன் பெட்டியின் மின்சுற்று முழுவதையும் அதில் ஓட்டிப் பார்த்திருந்தான். கம்பிகள் சந்திக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு கணு. எந்தக் கணு எவ்வளவு மின்னேற்றம் பிடிக்கும் என்று கணினி சொல்லியிருந்தது. விற்ற பெட்டிகளிலோ ஐந்தாம் கணு அதைவிடக் கூடுதலாகப் பிடித்தது. அதனால் வானொலி நிலையங்கள் அளவுகோலில் இடம் மாறின. கடலில் வானிலை அறிக்கை கேட்க முடியாமல் போன வள்ளக்காரர் வந்து ஏசினார்கள்.

மேசையில் சோதிக்கும்போது மட்டும் எல்லாம் சரியாக இருந்ததாம். அப்படியானால் சோதனைக்குப் பிறகுதான் மாற்றுகிறாள் என்று அருளம்பலத்தின் உதவியாளன் லெஸ்லி குதித்தான். பட்டறைக்குப் போனதும் களவுபோன சாமானைத் தேடி அலுமாரிக்கு அடியில் தவழ்ந்து, சட்டையெல்லாம் தூசியாக எழும்பினான். அருளம்பலம் பெருமூச்சு விட்டார்.

"எல்லாப் பெட்டியும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு விலகுது. மட்டமான சாமான் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரியெல்லோ விலகும்?" என்றபடி திரும்பி வந்த பெட்டியொன்றைத் திறந்தார்.

உள்ளே கம்பிகள் மெழுகில் புதைந்து கிடந்தன. உப்புக்காற்றுப் பிடிக்காமலிருக்க, மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிகளை உருக்கி, சோதனை முடிந்தபின் தானே ஊற்றுவதாகப் பேணாட் பெருமையோடு சொன்னார்.

"மருமகனிட்ட மெழுகைப் பற்றிச் சொன்னனீங்களோ?"

"அதையும் சொல்லவேணுமோ?"

அருளம்பலம் லெஸ்லியிடம் மெழுகை உருக்கச் சொன்னார். மெழுகு ஊற்றாத பெட்டியொன்றில் நிலையத்தைப் பிடித்து, உருகிய மெழுகை ஐந்தாம் கணுவின் மேல் ஊற்றினார். செய்தி வாசித்துக்கொண்டிருந்த குரல் மெல்ல மெல்ல இரைச்சலில் அமிழ்ந்தது.

"கம்பிகளுக்கு நடுவில காத்துத்தான் இருக்குதெண்டு கணினி நினைச்சுது. நீங்கள் மெழுகை நிரப்பினீங்கள். மெழுகு இருந்தால் கணு கூடப் பிடிக்கும். ஊத்தின பிறகு சோதிச்சிருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை."

பேணாட் மேசையோரம் நின்ற சீலாவைப் பார்க்காமலே, போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். அவள் அசையவில்லை.

"கள்ளியெண்டு தெருவுக்கே கேக்கக் கத்தினீங்கள்," என்றாள். "இதையும் அதே சத்தத்தில சொல்லுங்கோ."

பேணாட் அருளம்பலத்தைப் பார்த்தார். அருளம்பலமோ தெருப்பக்க வாசற்கதவை அகலத் திறந்துவிட்டார்.