போட்டு வாறன்

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் நாரந்தனை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இனித்தது. கலியாணமாகி வந்த நாள் முதல் மேரிசுகந்தி அந்தக் கிணற்றில் உவரைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். இன்று வாளிக்குள் விரலை விட்டவள் வெடுக்கென்று எடுத்தாள். அப்படிக் குளிர்ந்தது. பாசி மணம் இல்லை. எந்த மணமும் இல்லை.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா இரண்டு கானோடு ஓடி வந்தாள்.

"நல்ல தண்ணி பிள்ளை. ஐஸ் மாதிரிக் கிடக்கு. மாதா கண் திறந்திட்டா."

ஐஸ் என்ற சொல்லைக் கேட்டதும் சுகந்தி போனைக் கையில் எடுத்தாள். அவள் புருஷன் டிலோன் தென்துருவத்தில் ஒரு பனியாற்றின் மேல் ஆராய்ச்சிக்காரருக்குச் சமைக்கிறான். நூறு வருடத்துக்கு முன் அந்தப் பனியாற்றை முதன்முதல் அளக்கப் போன ஐந்து பேர், ஒரே கயிற்றில் கட்டியபடியே பனி வெடிப்புக்குள் விழுந்தார்களாம். நாளுக்கொரு முழமாகப் பனி அவர்களை இன்னமும் கடலுக்குக் கொண்டுபோகிறதாம். அவன்தான் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னான். விழுந்தவன் கயிற்றை மூன்று தரம் இழுத்தால் மேலே நிற்பவர் தூக்க வேண்டுமாம்.

முந்தநாள் வந்த குரல்பதிவை மறுபடி போட்டாள். காற்றின் இரைச்சலுக்குள் அவன்.

"இஞ்சாரும், அந்த வெடிப்புக்குக் கிட்டச் சாமான் கொண்டு போறம். போட்டு..."

அதோடு அறுந்திருந்தது. வீட்டைவிட்டு இறங்குகிறவன் 'போட்டு வாறன்' என்று, போவதோடு திரும்பி வருவதையும் சேர்த்து முழுதாகச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இரண்டு நாளாக அழைப்பும் போகவில்லை. அவன் திரும்பி வந்தால் போதும் என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டே இருந்தாள்.

செபஸ்தியம்மா கான்களைத் தூக்கிக்கொண்டு போனாள். பிறகு கப்பி கிறீச்சிட்டது. காற்றில்லை. கிணற்றுக்குள் தொங்கிய கயிறு கீழிருந்து இழுபட்டு விறைத்தது.

ஒரு தரம்.

இரண்டு.

மூன்று.

பாய்ந்து பிடித்தாள். இழுத்தாள். பாரம். ஆள் பாரம். கயிற்றில் வெண்பனி ஏறி உள்ளங்கைகள் ஒட்டிக்கொண்டன.

கீழே இருட்டு. இருட்டுக்குள் அவன் குரல்.

"இஞ்சாரும்... வாறன்."

"ஓம், வாங்கோ," என்றாள் அழுதுகொண்டு.

பாரம் கூடியது. அவன் குரலுக்குக் கீழே வேறொரு தொண்டை அந்தச் சொல்லைப் பழகிப் பார்த்தது. "வாரன்." அதற்கும் கீழே இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஐந்து. விடப் பார்த்தாள். கைகள் வரவில்லை. கயிறு ஏறிக்கொண்டே இருந்தது.

கிணற்றுக்கட்டை முதலில் பற்றிய விரலில் டிலோனின் கலியாண மோதிரம் இருந்தது. கை அவனுடையது இல்லை.