பையின் அடியில் உப்புக்கோடு

வடக்கு மினசோட்டாவில் அன்று பனி கொட்டித் தீர்த்தது. வெர்னா சோல்பெர்க், துப்பறிவாளர் ஆர்வின் டெஸ்கியின் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி, துணிச்செருப்பை மாட்டிக்கொண்டு, மேஜையில் ஒரு காகிதத்தை விரித்து அதன்மேல் பையை வைத்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள். உலகமே தலைகீழானாலும் வீடு வீடாகப் போகும் நர்ஸுகள் இந்தப் பழக்கத்தை விடமாட்டார்கள்.

"நான் காப்பியடிச்சேனாம், ஆர்வின்."

வெர்னாவைப்போல நோயாளிகளை வீட்டிலேயே கவனிக்கும் நிறுவனத்தை நடத்துகிறவர் தகுதித் தேர்வு எழுதியே ஆகவேண்டும். காலையில் பாதித் தேர்வு முடிந்து எல்லோரும் காபிக்குப் போய்த் திரும்பியபோது, வெர்னாவின் பையில் விடைகள் நிறைந்த ஒரு போன் இருந்தது. மேற்பார்வையாளர் அடெல் உடனே தேர்வை நிறுத்தி, அறையைப் பூட்டிவிட்டாள்.

"அஞ்சு மணிக்குள்ள நிரூபிக்கலேன்னா லைசன்ஸ் போச்சு. என்னை நம்பியிருக்கற முப்பது பேரையும் முதியோர் இல்லத்துல தள்ளிடுவாங்க. சொந்தக் கட்டில்லதான் சாகணும்னு ஹால்வர் என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காரு."

"யார் மேல சந்தேகம்?"

"ஜனெல். என் உதவியாளர். அவளும் தேர்வு எழுதினா, பக்கத்து மேஜைதான். மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன்."

ஆர்வின் பையைத் திருப்பினார். அடியிலிருந்த நான்கு ரப்பர்க் கால்களைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். தெருவில் பனி உருகக் கொட்டும் உப்பு.

"காலையிலதான் மருந்து போட்டுத் துடைச்சேன்," என்றாள் வெர்னா. "அது தரையையே தொடாது."

தேர்வுக்கூடத்துக்கு வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள்: அடெல், கண் சிவந்த ஜனெல், கூடவே தேர்வெழுதிய போட்டி நிறுவனத்து முதலாளி கர்டிஸ் ரடமேக்கர். அவன் ஒரு முதியோர் இல்லமும் நடத்தினான். ஆர்வினோடும் வெர்னாவோடும் அவர் கூட்டாளி பிரிட்டாவும் வந்திருந்தாள். மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

அடெல் பூட்டைத் திறந்ததும் ஆர்வினும் பெண்களும் வாசல் விரிப்பில் பூட்ஸைக் கழற்றினார்கள். கர்டிஸ் மட்டும் விறுவிறுவென்று உள்ளே நடந்தான்.

"ஜனெல்தான்," பிரிட்டா கிசுகிசுத்தாள். "வெர்னா போனா நாற்காலி இவளுக்குத்தானே?"

"கொஞ்சம் பொறும்மா." ஆர்வின் முன்வரிசையைப் பார்த்தார். வெர்னாவின் மேஜைக்கும் ஜனெலின் மேஜைக்கும் கீழே தரை சுத்தமாக இருந்தது. "காலையில யாரு யாரு பூட்ஸோட உள்ளே வந்தாங்க, அடெல்?"

"எல்லாரும் வாசல்லயே விட்டுட்டாங்க. நர்ஸுங்க இல்லையா. இவரு மட்டும்தான்..."

"சட்டமா என்ன?" கர்டிஸ் சிரித்தான். "பத்து வருஷம் வீடு வீடா அலைஞ்சவன் நான்."

"அப்படி அலைஞ்சவன் நோயாளி வீட்டுத் தரையை நெனச்சே பூட்ஸைக் கழட்டியிருப்பான். நீங்க எங்க உக்காந்தீங்க?"

அடெல் கடைசி வரிசை மூலையைக் காட்டினாள். அந்த மேஜையின் கீழே உருகி வழிந்த பனிநீர் காய்ந்து வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. அதன் நடுவே நான்கு வட்டத் தடங்கள். ஆர்வின் பையைக் குனிந்து வைத்தார். கால்கள் நான்கும் கச்சிதமாகப் பொருந்தின.

"முன்வரிசை கதவுக் கண்ணாடிக்கு நேரே இருக்கு. அதனால எல்லாரும் காபிக்குப் போனதும் பையை இங்க கொண்டுவந்தீங்க. போனைப் போட்டுட்டுத் திரும்ப அவங்க இடத்துல வெச்சீங்க. ஒரு நர்ஸ் பையைத் தரையில வெச்சிருக்கவே மாட்டா. அவங்க லைசன்ஸ் போனா முப்பது பேரும் உங்க முதியோர் இல்லத்துக்குத்தான் வருவாங்கன்னு கணக்கு."

கர்டிஸின் முகம் வெளுத்தது. அடெல் அவனை வெளியே கூட்டிப்போனாள். போகும்போது, "மீதித் தேர்வை இப்பவே எழுதலாம், வெர்னா," என்றாள்.

ஜனெலை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வெட்கம் வெர்னாவைப் பிடுங்கித் தின்றது.

"ஜனெல், நான் உன்னை..."

"அப்புறம் பேசலாம்." ஜனெலின் குரலில் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனாலும் ஒரு காகிதத்தை எடுத்து வெர்னாவின் மேஜையில் விரித்தாள். பையின் அடியைத் துடைத்து அதன்மேல் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய் பூட்ஸை மாட்டினாள்.

"நீங்க எழுதுங்க, நான் அடுத்த தடவை எழுதிக்கறேன். ஹால்வருக்கு ஆக்ஸிஜன் மாத்தற நேரம், நான் போறேன்."