கடைசி வாய்தா

"கையெழுத்துப் போடாதீங்க!"

குரல் வந்த வேகத்தில் கையிலிருந்த பேனாவும் போய்விட்டது. இசைவாணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மழைக்கு ஒதுங்கியவர்களால் கோர்ட் வராந்தா நிரம்பி வழிந்தது. அந்தக் கூட்டத்தில் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். நெற்றியெல்லாம் மழைத்துளி... அதற்குக் கீழே, திட்டு வாங்கத் தயாராக இரண்டு கண்கள்.

"யாருங்க நீங்க? பேனாவக் குடுங்க!"

"குடுக்குறேன். முதல்ல அதப் படிங்க. மாசம் அஞ்சாயிரம் கட்டுறேன்னு மட்டும் இல்ல, கடன் முழுசையும் ஒத்துக்கிறேன்னு இருக்கு. கையெழுத்துப் போட்டா கேசு இன்னைக்கே முடிஞ்சிரும்... ஒங்களுக்கு எதிரா."

பக்கத்தில் நின்ற வசூல் கம்பெனி ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்ப்பா, இந்த ராஜி மனுவ டைப் அடிச்சதே நீதானே? கூலி வாங்குனேல்ல? ஒன் சோலியப் பாரு!"

"வாங்குனேன். அதான் உள்ள என்ன இருக்குன்னு தெரியுது."

கம்பெனி ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் வக்கீலைத் தேடிப் போனான். இசைவாணி குனிந்து அந்த மனுவைப் பார்த்தாள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய கிரெடிட் கார்டு. பேங்க் கைகழுவிய அந்தப் பழைய பாக்கியை இந்தக் கம்பெனி சல்லிசாக வாங்கி, வட்டிக்கு வட்டி போட்டு, இரண்டு லட்சத்துக்குக் கேஸ் போட்டிருந்தது. தோற்றால் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி ஆர்டர் வரும். அவள் கணக்கெழுதும் பொன்னமராவதிப் பள்ளிக்கூடத்துக்கே வரும். பிறகு ஊர் கேட்கும், அம்மா கேட்பாள்... 'எதுக்குடி இந்தக் கடன்?' அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடத் துணிந்திருந்தாள்.

"பேனா பிடுங்குறதுதான் தொழிலா?" என்றாள், அழுகையை மறைக்க.

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன். போணியே ஒங்ககிட்டத்தான்."

"பேரு?"

"உதயசூரியன்."

"அப்பா கட்சிக்காரரா?"

"பின்னே? நான் பொறந்தது ராத்திரி பதினோரு மணிக்கு. ஆனாலும் உதயசூரியன்தான்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாரு."

இசைவாணி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த முப்பத்து மூன்று வயதில், சத்தம் போட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று...

அவனே இலவச சட்ட உதவி வக்கீல் செங்கமலத்திடம் அழைத்துப் போனான். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்பம்மா பணம் கட்டுன?"

"ஒம்பது வருசம் ஆச்சு மேடம்."

"மூணு வருசத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும். இது செத்த கடன். நீயா ஒத்துக்கிட்டு உசிர் குடுத்துறாத."

அதற்குப் பிறகு வாய்தாவுக்கு வாய்தா அவள் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். கோர்ட் வாசலில் தகரக் கூரைக்குக் கீழே அவன் மேசை. டீ வாங்கித் தருவான், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். வாய்தா தேதி எப்போது வரும் என்று காலண்டரைப் பார்க்கும் ஒரே பிரதிவாதி அவளாகத்தான் இருக்கும்! அவன் மேசையில் காகிதக் கட்டு குறைந்துகொண்டே வந்ததை மட்டும் அவள் கவனிக்கவில்லை.

ஒரு வாய்தாவில், அவளுடைய பதிலுரையை அவன் அடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களின் நகல் திறந்து கிடந்தது. கார்டில் செய்த செலவுகளின் பட்டியல். நடுவில் ஒரு வரி... திருச்சி–சிங்கப்பூர், ஒரு டிக்கெட், பயணி சந்தோஷ்குமார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "இத... நீங்க படிச்சீங்களா?"

அவன் விரல்கள் நின்றன. "எல்லாத்தையும் அடுக்கி செட்டுப் போட்டதே நான்தாங்க. ஒரே ஒரு டிக்கெட்டு. போனவரப் பத்தி நான் நெனைக்கல... ஏத்திவிட்டுட்டுத் தனியாத் திரும்பி வந்தவங்க யாருன்னு, ஒங்க பேர அடிக்கிறப்பல்லாம் மனசு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு வராந்தாவுல அந்தக் கம்பெனி ஆளு ஒங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டப்ப..."

"போதும்! என்னப் பாத்துப் பரிதாபப்பட்டீங்க. அம்புட்டுத்தானே?"

"ஐயோ, இல்லைங்க..."

அவள் கேட்கவில்லை. கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள். 'ரெண்டே வருசம் வாணி, வந்து கல்யாணம்' என்று சொல்லிவிட்டுத்தான் சந்தோஷ் விமானம் ஏறினான். இரண்டு வருஷம் கழித்து வந்தது அவன் கல்யாணப் போட்டோ... அங்கேயே, வேறொருத்தியோடு. அவன் கழுத்தில் மாலை விழுந்த அன்று காலையில்கூட, அவனை அனுப்பிய டிக்கெட்டுக்கு அவள் தவணை கட்டிவிட்டு வந்திருந்தாள். அதுதான் கடைசித் தவணை. தன் ஏமாளித்தனத்தை ஒருவன் வரி வரியாகப் படித்திருக்கிறான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த இரண்டு வாய்தாவிலும் அவன் மேசைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. பஸ்ஸில் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள்.

விசாரணை நாள். அவள் கூண்டில் நின்றாள். கம்பெனி வக்கீல் காகிதத்தை ஆட்டியபடி இளித்தார். "இந்த சிங்கப்பூர் டிக்கெட் யாருக்கும்மா எடுத்தே? சொந்தமா... பந்தமா?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாசலில் உதயசூரியன் நின்றிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. அவளுக்கு வலிக்குமே என்று தலை குனிந்திருந்தான். பரிதாபப்படுகிறவன் இப்படியா நிற்பான்? இசைவாணி நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தாள்.

"எனக்குப் புருஷனா வரப்போறவருன்னு நம்பி எடுத்தேங்கய்யா," என்றாள். "அவரு வரல. செலவு செஞ்சது நான்தான், பொய் சொல்ல மாட்டேன். கடைசியாக் கட்டுனது அவரு கல்யாணத்தன்னைக்கு. ஒம்பது வருசம் ஆச்சு."

நீதிபதி குறித்துக்கொண்டது அந்தத் தேதியை மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. காலம் கடந்த வழக்கு, தள்ளுபடி. செங்கமலத்தின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, இசைவாணி நேராகத் தகரக் கூரைக்கு நடந்தாள். அவன் பிரிண்டரை அட்டைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கெளம்புறீங்க?"

"விராலிமலைக்கு. அங்க ஒரு ஜெராக்ஸ் கடைல எடம் தாரேன்னாங்க. ஒங்க பேனாவப் பிடுங்குன அன்னைக்கிலேர்ந்து இங்க எந்த வக்கீலும் எனக்கு வேலை குடுக்கலைங்க. ஒங்க கேசு முடியிற வரைக்கும்னுதான் உக்காந்திருந்தேன்."

இசைவாணியின் கண் நிறைந்து வழிந்தது. அவன் பதறிப்போனான்.

"ஜெயிச்சிட்டீங்கள்ல... ஏங்க அழுகுறீங்க? இன்னும் அவரு நெனப்பா?"

"அவர நெனச்சு அழுது முடிச்சு எவ்வளவோ நாளாச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. "இனி வாய்தா இல்ல. எதச் சொல்லிக்கிட்டு நான் ஒங்களப் பாக்க வருவேன்?"

அவன் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. பிறகு, உடைந்த குரலில்...

"மலை மேல முருகன் இருக்காருல்ல... சாமி கும்பிடப் போறேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு வாங்க."

"மாட்டேன்," என்றாள் இசைவாணி அழுதுகொண்டே. "ஒங்களத்தான் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வாரேன்."