ஃப்ரீசரின் கீழ்த்தட்டு

திங்கள், காலை 8.10. ஃப்ரீசர் அறையில் இருந்தவர்கள்: ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர், ரத்தம் எடுக்கும் நர்ஸ், துப்புரவு செய்யும் அக்கா. அறைச் சாவியும் இந்த மூவரிடம்தான். பிளக் பிடுங்கிக் கிடந்தது. நூற்றிப்பத்து சர்க்கரை நோயாளிகளின் ரத்தம் குழாய்களில் உருகித் தளும்பியது.

டாக்டர் பிளக்கை மாட்டினார். அக்காவைச் சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டினார். போலீசுக்குப் போன் செய்தார்.

10.30. வந்த இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் 'கசப்பு' என்று பெயர். அவளுக்கும் சர்க்கரை நோய். காபியில் சீனியை விட்டு ஒன்பது வருடம். பெயர் அதனால் மட்டும் வந்ததல்ல.

"என்ன ஆராய்ச்சி?"

"டைப் டூ சர்க்கரைல உடம்புக்குள்ள அழற்சி புகைஞ்சிட்டே இருக்கும். இன்சுலின் இருந்தும் உடம்பு அது பேச்சைக் கேக்காது. வைட்டமின் டி குடுத்தா புகைச்சல் அடங்குதான்னு பாத்தோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. அடங்கும்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்னா எதுக்கு இத்தனை பேரைக் குத்துனீங்க?"

டாக்டர் சிரித்துவைத்தார். சுவரில் ஏழு படச் சட்டங்களில் அவரே சிரித்தார், வெயில் வைட்டமினால் வந்த 'சூரிய டாக்டர்' என்ற பட்டத்தோடு. அவருடைய வெள்ளைக் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான்கள். அவற்றில் ஒன்று இல்லை. ஃப்ரீசரில் குளிர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடி ஐந்து மாதமாக இருண்டு கிடந்தது. படத்துக்குச் சட்டம் போட ஆள் கிடைத்திருக்கிறது, இதைச் சரிசெய்யத்தான் கிடைக்கவில்லை.

"சனிக்கிழமை கூட்ட வந்தவ இதைப் பிடுங்கிட்டு வேக்வம் கிளீனரை மாட்டியிருக்கா. ரெண்டு நாள் கரண்ட் இல்ல, எல்லாம் உருகிப்போச்சு. படிக்காததுங்க!"

இன்ஸ்பெக்டர் ஃப்ரீசரைத் திறந்தாள். கீழ்த்தட்டில் ஒரு தம்ளர், அது நிறையப் பனிக்கட்டி, அதன் மேல் ஒரு பித்தளைப் பொத்தான்.

"இது?"

"குப்பை. அவ போட்டிருப்பா."

10.55. சாமான் அறையில் அக்கா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"வேக்வம் எங்க?"

"அதெல்லாம் ஏதும்மா? விளக்குமாறுதான். வேலை போனாலும் பரவால்ல, ஜெயில்ல போட்டா பிள்ளைங்களை யார் பாப்பா?"

"தம்ளர்?"

"நான் வெச்சதுதான்." எதற்கென்றும் சொன்னாள்.

பிறகு நர்ஸ். "தம்ளரை எனக்கும் தெரியும் மேடம். ஆராய்ச்சில மொத்தம் எரநூத்தி இருபது பேர், முதல் நூத்திப்பத்து பேரோட ரிசல்ட் வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரைங்கற ரகசியக் கவர் டாக்டர் மேஜைல. கடைசி வரைக்கும் பிரிக்கக் கூடாது."

பிரித்திருந்தது.

11.40. மூவரும் ஃப்ரீசர் முன்னால் நின்றார்கள்.

"கண்ணாடி செத்ததால அக்கா வெச்ச காவல் இது," என்றாள் கசப்பு. "உறைஞ்ச தண்ணி மேல, கூட்டறப்போ கிடைச்ச உங்க கோட்டுப் பொத்தான். பெட்டி உருகினா பொத்தான் அடிக்குப் போயிடும். திரும்ப உறைஞ்சாலும் மேல வராது. இது மேலயே இருக்கு. அப்போ ரெண்டு நாளா ஃப்ரீசர் ஓடிட்டுதான் இருந்திருக்கு. ரத்தத்தை மட்டும் யாரோ வெளிய எடுத்து உருக்கி, இன்னைக்குக் காலைல உள்ள வெச்சுட்டு பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க. நர்ஸுக்கும் அக்காவுக்கும் தம்ளரைத் தெரியும், அவங்க செஞ்சிருந்தா அதையும் உருக்கியிருப்பாங்க. உங்களுக்கு மட்டும்தான் டாக்டர் அது குப்பை. கீழ்த்தட்டுக்குக் குனிஞ்சாதானே!"

"நான் எதுக்கு என் ஆராய்ச்சியையே..."

"கவரைப் பிரிச்சு, வந்த ரிசல்ட்டோட சேத்துப் பாத்தீங்க. மருந்து சாப்பிட்டவங்க ரத்தத்துல வைட்டமின் டி ஏறியிருக்கு. அழற்சி இறங்கல, உடம்பும் இன்சுலின் பேச்சைக் கேக்கல. வெறும் மாத்திரை முழுங்கினவங்களுக்கும் அதே கதை. ஃப்ரீசர்ல இருந்த மீதியும் அப்படியே வந்தா சுவத்துலேர்ந்து ஏழு படமும் இறங்கணும்."

டாக்டர் சுவரை ஒருமுறை பார்த்தார். "இது பாதி கணக்குதான் மேடம். மீதில நல்ல பதில் வந்திருக்கும்."

"'இல்ல'ங்கறதும் பதில்தான்யா. எங்களை மாதிரி சர்க்கரைக்காரங்க கையை நீட்டினது அதுக்குத்தான். உன் படத்துக்கு மாலை போட இல்ல."

ஜீப் வரும்வரை அவரை எங்கே வைப்பது என்று கான்ஸ்டபிள் கேட்டார். கசப்பு சாமான் அறைச் சாவியை அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா வாளியைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க சார்." வெளியே வந்து கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று திருகினாள்.